டயாசிபாம் குழாய்: வலிப்பு வரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைத்திருக்கலாமா?

பிள்ளைக்கு ஒருமுறை வலிப்பு வந்து அடங்கிவிட்டால், அடுத்த தடவைக்கென்று வீட்டில் ஏதாவது வைத்துக்கொள்ளத் தோன்றும். அதற்காகக் கோலாலம்பூர் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதுதான் ஆசனவாய் வழியே செலுத்தும், வலிப்பை அடக்கும் டயாசிபாம் மருந்துக் குழாய். சின்ன பிளாஸ்டிக் குமிழ், அதில் நீண்ட மூக்கு, உள்ளே 2.5 மில்லி திரவம். 5, 10 மில்லிகிராம் என இரண்டு அளவில் வரும். எது என்பதை வயதும் எடையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். சீட்டு இல்லாமல் எந்த மருந்தகமும் விற்கக் கூடாது.

மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. மலக்குடல் சுவர் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்வதால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வலிப்பு அடங்கும். கோட்டை விடுவது செலுத்தும் விதத்தில்தான்.

வலிப்பு தொடங்கியதும் மணி பாருங்கள். பெரும்பாலானவை ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும். அவற்றுக்கு இது வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் பிள்ளையை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூடியைத் திருகி எடுத்து, குழாயின் மூக்கை ஆசனவாய்க்குள் விடுங்கள். 3 வயதுக்குக் கீழ் என்றால் மூக்கில் பாதி போதும். குமிழ் மேலே, மூக்கு கீழே இருக்கும்படி பிடித்து முழுவதும் அழுத்துங்கள். இனிதான் முக்கியம்: அழுத்திய விரலைத் தளர்த்தாமலே குழாயை வெளியே எடுக்க வேண்டும். தளர்த்தினால் மருந்து குமிழுக்குள்ளேயே திரும்பிவிடும். பிறகு பிட்டத்தைச் சில நிமிடம் சேர்த்துப் பிடியுங்கள். குழாயில் கொஞ்சம் மிச்சமிருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி இரண்டாவது குழாயை எடுக்காதீர்கள்.

குறைகளும் உண்டு. பிள்ளை அசந்து தூங்கும், மூச்சு மந்தமாகலாம். அதனால் முதல் தடவை கொடுக்கும்போதே 999-ஐ அழைத்துவிட்டு, மூச்சைக் கவனித்தபடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் மருந்து வெளியேறிவிடலாம். 25 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது என்பது நம் ஊர் வெயிலுக்குப் பெரிய சிக்கல்: காடியில் விட்டுவைத்த குழாயை நம்பவே வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்கு, அதுவும் வகுப்பறையில், உடையைக் கழற்றிக் கொடுப்பது கூச்சமான காரியம். ஆசிரியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. (இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும் பாட்டிமார் பழக்கத்தால் பலனில்லை. பல் இடுக்கில் ஸ்பூன் வைப்பதுதான் ஆபத்து, பல் உடையும்.)

எல்லார் வீட்டிலும் இது இருக்க வேண்டியதில்லை. 6 மாதம் முதல் 5 வயது வரை, காய்ச்சலோடு வந்து, உடம்பு முழுக்க வெட்டி இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் திரும்பாத வலிப்பு சாதாரணக் காய்ச்சல் வலிப்பு. அதற்கு மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி சோதனைகூடத் தேவையில்லை. சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசும் பிள்ளைக்கும் இந்தக் குழாய் வீண். அதற்கு வேண்டியது நரம்பியல் மருத்துவர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, தூங்கி எழுந்ததும் கைகளை விரித்துக் குனிந்து குனிந்து வரிசையாகத் துள்ளினால் வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் இல்லாமல் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வெட்டினாலோ குழந்தை நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அரசு வழியில் துங்கு அசிசா மருத்துவமனை இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் உண்டு. தனியாரில் தேதி சீக்கிரம் கிடைக்கும், பில் கனக்கும். எங்கே போனாலும் கைபேசியில் எடுத்த காணொளி கையில் இருக்கட்டும்: முகம், கண், கைகால் மூன்றும் தெரியும்படி, போர்வையை விலக்கி எடுத்தது. மருத்துவருக்கு அதுதான் பாதி ஆதாரம். இஇஜிக்குப் போகும் நாளில் தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், மின்முனைகள் ஒட்டாது. முடிவு இயல்பாக வந்தாலும் கால்-கை வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

குழாய் எழுதித் தந்தால், எந்த நிமிடத்தில் கொடுப்பது, நிற்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு நகல் பாலர் பள்ளிக்கு, ஒன்று குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு. காலாவதித் தேதியையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.