எண்ணும் எழுத்தும்: ஈராசிரியர் பள்ளியில் முதல் பருவம் தாங்குமா?

தொடக்கப் பள்ளி என்றால் ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். பெரும்பாலான கிராமத்து ஒன்றியப் பள்ளிகளில் தலைமையாசிரியர் 4, 5 வகுப்புகளைப் பார்ப்பார். இன்னொருவர் 1, 2, 3 மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். சிறு வகுப்புக் குழந்தைகள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தமிழக அரசு கொண்டுவந்த, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை அந்த ஒற்றை அறையில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். பெரிய பள்ளிகளில் அது நன்றாக ஓடுவதில் வியப்பில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான முதல் பருவத்துக்கு ஆசிரியர் கையேடும் குழந்தைகளுக்குப் பயிற்சி நூல்களும் வருகின்றன. பாடல், கதை, பொம்மலாட்டம், செயல்பாடு, படைப்பு, படித்தல் என்று களங்களை, அதாவது வகுப்பறையில் ஒவ்வொரு வேலைக்குமான மூலைகளை மட்டும் நாம் அமைத்துக்கொள்ள வேண்டும். நூல்களைப் பற்றிப் பெரிய குறையில்லை. வகுப்பைப் பார்க்காமல் குழந்தை நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) எனப் பிரித்ததுதான் இதன் மிகப் பெரிய பலம். மூன்று வகுப்பு ஏற்கெனவே கலந்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பள்ளிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

ஆனால் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆண்டுத் தொடக்கத்தில் பார்க்கும் அடிப்படை மதிப்பீட்டில் ஜூனில் அரும்புக்குப் போன பிள்ளையை செப்டம்பர் வரை அங்கேயே உட்கார வைத்தால் எல்லாம் கெட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து சொல், ஐந்து கணக்கு கொடுத்துப் பார்த்து இடம் மாற்ற வேண்டும். குழுவுக்கென்று நிரந்தர இடம் வைக்காமல், பாயை மட்டும் அன்றன்று விரித்தால் மாற்றுவது எளிது. மூன்றாம் வகுப்பு அண்ணனும் ஒன்றாம் வகுப்புத் தங்கையும் ஒரே பாயில் இருக்கிறார்கள் என்ற செய்தி அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும். பெற்றோர் வந்து கேட்பதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நிலைகள் என்றால் என்னவென்று சொல்லிவிடுவது நல்லது.

ஒரு பாடவேளையை இப்படிப் பிரிக்கலாம்: பத்து நிமிடம் மூன்று குழுவும் சேர்ந்து பாடல் அல்லது கதை. அடுத்த இருபது நிமிடம் ஆசிரியர் அரும்போடு. அந்த நேரத்தில் மொட்டுக்குச் சொல்லட்டை, மலருக்குப் படித்தல் களம். கடைசிப் பத்து நிமிடம் மற்ற இரண்டு குழுவின் வேலையையும் பார்ப்பது. மறுநாள் அந்த இருபது நிமிடம் மொட்டுக்கு. காத்திருக்கும் குழுவுக்கு 'பார்த்து எழுது' என்று கொடுப்பதுதான் வழக்கமான வழுக்கல். அதில் சத்தம் வராது, படிப்பும் வராது.

எழுத்தட்டைகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் அட்டைகளில் 'கொ' ஒரே எழுத்தாக அச்சாகியிருக்கும். குழந்தைக்கோ அது மூன்று துண்டு: கொம்பு, க, கால். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. அதனால்தான் 'கொடி' என்று எழுதச் சொன்னால் காலை விட்டுவிட்டு 'கெடி' என்று எழுதுகிறார்கள். துண்டு அட்டை செய்தால் இது இரண்டே வாரத்தில் சரியாகும். எழுத்து அட்டை 18, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு, கால் ஒவ்வொன்றும் இரண்டு. ஆக 26 அட்டை. இவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைகளின் 108 எழுத்தையும் குழந்தையே கட்டிவிடலாம். உ, ஊ வரிசைக்கு இந்த வித்தை பலிக்காது. கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. அவற்றுக்குத் தனி அட்டைதான்.

கடைசிப் பாய் வரை தெரிய எழுத்து நான்கு விரல் உயரம் இருக்க வேண்டும். மெல்லிய சார்ட் அட்டை ஆடி மாதக் காற்றிலேயே சுருண்டுவிடும். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் கெட்டியாக இருக்கிறது, காசும் இல்லை. லேமினேஷன் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டு எழுத்து மறைகிறது. ஓரத்துக்கு மட்டும் டேப் ஒட்டினால் போதும்.

கணக்குக்கு ஈர்க்குச்சிக் கட்டுகளை விடச் சிறந்த கருவியை இதுவரை எந்தக் கற்பித்தல் கருவிப் பெட்டியும் கொடுக்கவில்லை. ஐந்து பேர் குழுவுக்கு 100 குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டியும், 20 குச்சியை உதிரியாகவும் வைத்தால் ஈரிலக்கக் கூட்டல் ஓடும். 27-உடன் 15 கூட்டும்போது உதிரி 12 சேரும். அதில் பத்தைக் குழந்தை தன் கையால் கட்ட வேண்டும். 32-இலிருந்து 15 கழிக்க ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். ஆசிரியரே கட்டி, ஆசிரியரே அவிழ்த்தால் 'கடன் வாங்குதல்' வெறும் மந்திரமாகத்தான் நிற்கும். ரப்பர் பேண்ட் வெயிலில் ஒரு மாதத்தில் இற்றுப்போகும். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கினால் வருடம் முழுக்கத் தாங்கும்.

பொம்மலாட்டக் களத்துக்கு இரண்டு பெஞ்சும் ஒரு பழைய சேலையும் போதும். ஈர்க்கில் ஒட்டிய பொம்மை தலை ஆட்டும்போதே ஒடிகிறது, ஐஸ் குச்சி நிற்கிறது. ஒரு கதைக்கு நான்கு பொம்மைக்கு மேல் வேண்டாம். ஆறு, ஏழு என்று போனால் திரைக்குப் பின்னால் சண்டைதான் நடக்கும்.

நாள்காட்டிதான் பெரிய எதிரி. ஜூனில் மாணவர் சேர்க்கைப் பேரணி, ஜூலை 15 காமராசர் பிறந்த நாளான கல்வி வளர்ச்சி நாள், ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள், 15 சுதந்திர தினம், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், பிறகு பருவ முடிவில் வரும் தொகுத்தறித் தேர்வு. 2024-25 முதல் தொடக்க வகுப்புகளுக்கும் அரசுப் பள்ளிகளின் கலைப் போட்டியான கலைத் திருவிழா வந்துவிட்டது. நூறு பேர் படிக்கும் பள்ளியில் நடனத்துக்கு ஒரு குழு போனாலும் மற்ற வகுப்புகள் நடக்கும். இருபத்தைந்து பேர் பள்ளியில் நடனத்துக்குப் பத்துப் பேர் எழுந்தால் பள்ளியே எழுந்த மாதிரி.

இதற்கு ஒரே வழி, விழாவுக்கென்று தனி ஒத்திகை வைக்காததுதான். சுதந்திர தினத்துக்குச் சினிமாப் பாட்டைப் பத்து நாள் பழக்குவதற்குப் பதில், பாடல் களத்தில் தினமும் பாடுவதையும் பொம்மலாட்டத்தையும் கொடிக் கம்பத்தடியில் அப்படியே நடத்தலாம். கலைத் திருவிழாவின் கதை கூறுதலும் வண்ணம் தீட்டுதலும் ஏற்கெனவே களத்தில் உள்ளவைதானே. வண்ணத்துக்குத் தனிச் செலவும் இல்லை: 1, 2 வகுப்புகளுக்கு கிரையான், 3 முதல் 5 வரை வண்ணப் பென்சில் அரசே தருகிறது. குடற்புழு மாத்திரை நாளில் மட்டும் அவசரம் கூடாது. 400 மில்லிகிராம் அல்பெண்டசோலை வெறும் வயிற்றில் கொடுக்காமல், சாப்பிட்ட பிறகு கண்ணெதிரே மென்று விழுங்க வைக்க வேண்டும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு அன்று கொடுக்கக் கூடாது, விடுபட்டோர் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டம் இந்தப் பருவத்துக்குச் செய்த உதவி பெரிது. பசியோடு சுருண்டு உட்காரும் முதல் பாடவேளை இப்போது கையில் கிடைக்கிறது. கடினமான எழுத்து வேலையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மோசமான பகுதி கைப்பேசிச் செயலி. மதிப்பீட்டை ஒவ்வொரு குழந்தையாகப் பதிய வேண்டும். சிக்னல் ஒரு கோட்டோடு நிற்கும் ஊரில் பாடவேளை அதிலேயே கரையும். பெயர் எழுதிய கட்டத் தாளில் முதலில் குறித்துக்கொண்டு, பள்ளி விட்டபின் சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஏற்றுவதே நடைமுறை. மூன்று நிலை பார்க்கும் ஆசிரியரிடம் இதையும் கேட்பது நியாயமில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஒருங்கிணைந்த பள்ளி மானிய விதிப்படி 30 குழந்தைகள் வரை ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். 30 பேர் உள்ள பள்ளியில் ரூ.9,000-க்குள் சுண்ணாம்பு, பல்பு, குழாய், அட்டை எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே அட்டையும் பொம்மையும் வருடா வருடம் புதிதாகச் செய்வதாக நினைக்க வேண்டாம்.

தேர்வு முடிந்து காலாண்டு விடுமுறைக்குப் பூட்டும்போது துணிப்பையில் கட்டி மூலையில் வைத்தால் எலி கடித்திருக்கும், தரையில் வைத்தால் கரையான். மூடியுள்ள தகர டின்னில் அட்டையைப் படுக்கையாக அடுக்கி, இடையில் காய்ந்த வேப்பிலை போட்டு மேசைமேல் வையுங்கள். குச்சிக் கட்டுகளைக் கயிற்றில் கோத்துச் சுவர் ஆணியில் தொங்கவிடலாம். டின்னுக்கு மேல் குழுப் பட்டியலும் ஒட்டியிருந்தால், அக்டோபரில் மாற்றலாகி வரும் புது ஆசிரியர் யாரிடமும் கேட்காமல் அன்றே தொடங்கிவிடலாம்.