ஃபைபர் முன் லிப் கிட்: லிப் தேறும், கூட வரும் ஸ்க்ரூவும் டேப்பும் தேறாது

பம்பருக்குக் கீழே பொருத்தும் ஃபைபர்கிளாஸ் லிப் கிட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன: ஜெல் கோட் (ஃபைபரின் மேல் வரும் வழவழப்பான ரெசின் பூச்சு) பூசிய லிப், ஒரு பொட்டலம் இரும்பு ஸ்க்ரூ, மெல்லிய டபுள் சைடு டேப். லிப்பை நம்பலாம். மற்ற இரண்டையும் எடுத்து ஓரமாக வையுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் முன்பே பம்பரில் வைத்துப் பார்க்க வேண்டும். மாஸ்கிங் டேப்பால் நடுவில் பிடித்து, அங்கிருந்து இரு ஓரங்களுக்கும் போங்கள். இடைவெளி 2, 3 மி.மீ. என்றால் தேய்த்துச் சரிசெய்யலாம். 6 மி.மீ. தாண்டினால் திருப்பிக் கொடுப்பதே நல்லது. பெயிண்ட் பட்ட பொருளைக் கடைக்காரர் வாங்கமாட்டார். ஸ்க்ரூவை முறுக்கி இழுத்தால் இடைவெளி மூடத்தான் செய்யும். ஆனால் அந்த இழுப்பு உள்ளேயே தங்கி, நாளடைவில் ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விடும்.

ஜெல் கோட்டின் மேல் அச்சின் மெழுகு படிந்திருக்கும். அதை வேக்ஸ் ரிமூவரால் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால், மெழுகு மேற்பரப்பெங்கும் பரவிப் பெயிண்ட் குழி குழியாக விலகிவிடும். துடைத்தபின் 180 எண் உப்புத்தாள், அடுத்து 320. ஊசித் துளைகளுக்குப் பட்டி. பிறகு எபாக்ஸி ப்ரைமர், 600 வாட்டர் பேப்பர். கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும்.

பெரும்பாலான கிட் தோற்பது வெப்பத்தில்தான். பம்பர் பிளாஸ்டிக் வெயிலில் நன்றாக நீளும், ஃபைபர் அவ்வளவு நீளாது. ஒன்றரை மீட்டர் நீளத்தில் 40 டிகிரி மாறினால், இரண்டுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். முனைகளில் டேப் முதலில் கழலுவதும், ஓட்டைகள் வெடிப்பதும் இதனால்தான். எனவே நடு ஓட்டையை மட்டும் இறுக்கமாக வைத்து, மற்ற ஓட்டைகளை நீளவாக்கில் 3, 4 மி.மீ. அகலப்படுத்துங்கள். எவர்சில்வர் எம்5 போல்ட், பெரிய வாஷர், பின்னால் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் கழலாத நட்டு): வாஷர் அமர்ந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் முறுக்க வேண்டாம். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துப் பெயிண்டில் கறை இறக்கும்.

டேப்புக்கு 1.1 மி.மீ. தடிப்புள்ள விஎச்பி வகை அக்ரிலிக் ஃபோம் எடுங்கள். அதன் தடிப்புதான் அசைவைத் தாங்குகிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரு பக்கமும் துடைத்து, 21 முதல் 38 டிகிரிக்குள் ஒட்டி, உருளையால் அழுத்துங்கள். பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்கில் அட்ஹீஷன் ப்ரொமோட்டர் (ஒட்டும் பிடிப்பைக் கூட்டும் திரவம்) இல்லாமல் டேப் நிற்காது. முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். அதுவரை கழுவவும் வேண்டாம், வேகமாக ஓட்டவும் வேண்டாம்.

லிப்பின் பின்விளிம்பு பிரேக்குக்குக் காற்று போகும் வழியையோ, இழுவைக் கொக்கியின் மூடியையோ மறைக்கிறதா என்று ஓட்டை போடும் முன்பே பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி டயர் உரசாததை உறுதிசெய்யுங்கள்.

வேகத்தடையும் சரிவான வாசலும் தினசரி என்றால் ஃபைபர் வேண்டாம். ஒரு இடி போதும், உடைந்துவிடும். பாலியூரித்தேன் லிப் வளைந்து திரும்பும், பம்பரோடு சேர்ந்தே நீளவும் செய்யும்.