சிலிக்கான் கார்பைடும் ஃபெம்டோ நொடி லேசரும்: ஐந்து ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்தது

ஐந்து ஆண்டுகளாக 1030 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஃபெம்டோ நொடி லேசர் ஒன்றைச் சிலிக்கான் கார்பைடு என்னும் கடினமான குறைகடத்தியின் தகடுகள் மேல் இயக்கி வருகிறேன். ஒரு நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி; அந்த அளவுக்குக் குறுகிய துடிப்புகளாகவே இந்த ஒளி வரும். வாங்க யோசிப்பவர்களைவிட, வாங்கிவிட்டுத் திணறுபவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

தொடங்கும்போது எனக்கு ஒரு தப்புக்கணக்கு இருந்தது. மோ அளவுகோலில் வைரத்துக்குச் சற்றே கீழே, 9.5 அளவில் நிற்கும் பொருள்; திறனைக் கூட்டினால்தான் மசியும் என்று நினைத்தேன். ஒளிக்கோ கடினம் ஒரு பொருட்டே இல்லை. அதற்குத் தடையாக நிற்பது ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் ஒன்று விடுபடத் தாண்ட வேண்டிய ஆற்றல். நான் பயன்படுத்தும் 4எச் என்ற படிக அடுக்கு வகையில் அது ஏறத்தாழ 3.26 எலக்ட்ரான் வோல்ட். என் லேசரின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பது 1.2. மூன்று ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் சேர்ந்து தூக்கினால்தான் ஓர் எலக்ட்ரான் அதைத் தாண்டும். ஆற்றல் முழுவதும் மிகக் குறுகிய துடிப்புக்குள் அடைபட்டிருப்பதால்தான் இந்த மூவர் கூட்டு அமைகிறது.

எலக்ட்ரான்கள் தம் ஆற்றலைப் படிகத்துக்குக் கைமாற்றச் சில பிக்கோ நொடிகள் (ஒரு பிக்கோ நொடி ஆயிரம் ஃபெம்டோ நொடி) ஆகும். அதற்குள் துடிப்பு முடிந்துவிடும். ஆகவே சுற்றியுள்ள பகுதி சூடாகாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. துடிப்புகளை நெருக்கி அடுக்கினால், முந்தையது விட்ட சூடு ஆறும் முன்பே அடுத்தது வந்து விழும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது கரி. சிலிக்கான் கார்பைடு சாதாரண அழுத்தத்தில் உருகுவதில்லை, சிதைகிறது. சிலிக்கான் முதலில் ஆவியாகி வெளியேற, கார்பன் தங்கிவிடுகிறது. நுண்ணோக்கியில் என் வெட்டுகள் பளிச்சென்றுதான் இருந்தன. மின்கசிவு மட்டும் குறையவே இல்லை. கடைசியில், சிதறும் ஒளியைக் கொண்டு பொருளின் அணுப் பிணைப்புகளை அடையாளம் காட்டும் ராமன் நிறமாலை எடுத்தபோது, சென்டிமீட்டருக்கு 776 என்ற அலையெண்ணில் கூர்மையாக நிற்க வேண்டிய உச்சி தளர்ந்திருந்தது. 1350, 1580 அருகே கார்பனுக்குரிய இரண்டு அகன்ற மேடுகள். படிகம் ஒழுங்கிழந்து, மேலே மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் படிந்திருந்தது. மூன்று மாத அளவீடுகளைத் தூக்கி எறிந்தேன்.

இன்னொரு வேடிக்கை, முதல் துடிப்பில் ஒன்றுமே ஆகாத இடம் நூறாவது துடிப்பில் பெயர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத குறைகள் படிகத்துக்குள் சேர்ந்து, சேத வரம்பை, அதாவது பொருள் சேதமடையத் தொடங்கும் ஒளியாற்றல் அளவை, கீழே இழுத்துவிடுகின்றன. ஒற்றைத் துடிப்புக்கு அளந்த வரம்பை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

வரம்புக்கு அருகே நின்றால் மேற்பரப்பில் நுண்வரிகள் தாமாகவே எழும். 1965இல் பர்ன்பாம் என்ற ஆய்வாளர் ரூபி லேசரைக் கொண்டு குறைகடத்திகளில் கண்ட அதே வகை வரிகள்தான். பெரும்பாலும் ஒளியின் தளவிளைவுத் திசைக்கு, அதாவது ஒளியின் மின்புலம் அதிரும் திசைக்குச் செங்குத்தாக நிற்கும். அந்தத் திசையை மாற்றும் அரையலைத் தகட்டைத் திருப்பினால் வரிகளும் திரும்பும். வேலைக்குப் பயன்படாத நாளிலும் இதைச் செய்து பார்ப்பேன்.

உள்ளே குவித்து வெட்டுவது தனி வித்தை. ஒளிவிலகல் எண் 2.6 அளவு என்பதால், லென்ஸை 100 மைக்ரோமீட்டர் இறக்கினால் குவியம் ஏறத்தாழ 260 இறங்கும். இதை மறந்து, தகட்டைத் தாங்கும் மேடையையே ஒருமுறை பொசுக்கினேன். தகடுகள் வழக்கமாக 4 பாகை சாய்வில் அறுக்கப்பட்டிருப்பதால், விரிசல் படிகத் தளத்தைப் பிடித்துக்கொண்டு சாய்வாகவே ஓடப் பார்க்கும். சாய்வுத் திசைக்குக் குறுக்கே கோடிட்டால் ஓரளவு அடங்குகிறது.

மூன்றாம் ஆண்டில் அலைநீளத்தைப் பாதியாக்கும் படிகம் ஒன்றைச் சேர்த்து 515 நானோமீட்டருக்கு மாறினேன். இரண்டு ஃபோட்டான்களே போதும், விளிம்பும் சுத்தம். ஆனால் அந்தப் படிகத்தில் சேதப் புள்ளி விழுந்து, ஒளி படும் இடத்தை இருமுறை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது மேற்பரப்பு வேலைகளுக்கு 515, உள்வெட்டுக்கு 1030. புதுத் தகடு வந்தால் ஓரத்தில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் துடிப்புகளாகச் சுட்டு, ராமன் பார்த்த பிறகுதான் நடுப்பகுதியில் கைவைக்கிறேன்.