சொந்த வண்டியா, மாத வாடகையா? சேலத்துப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஒரு கணக்கு

பட்ஜெட் போடும் மாதங்களில் எந்தப் பல்கலைக்கழக அலுவலகத்திலும் ஒரு கோப்பு மேசை மேசையாக நகரும். புதிய வாகனம் வாங்க அனுமதி கேட்கும் கோப்பு. அதில் விலைப்பட்டியல் இருக்கும், வழவழ தாளில் அச்சடித்த வண்ணப்படம் இருக்கும், பழைய வண்டிக்கு இதுவரை ஆன ரிப்பேர் செலவு இருக்கும். யார் ஓட்டுவார் என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. மாட்டுக்கு விலை பேசிவிட்டுத் தீவனத்தை மறந்த கதைதான். என்னைக் கேட்டால் வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்ற வழக்கில் தீர்ப்பு சொல்வது வண்டியின் விலை அல்ல, ஓட்டுநரின் சம்பளம். அதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறேன்.

இந்தக் கேள்வி இப்போது சூடு பிடிக்க ஒரு காரணம் உண்டு. 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. துறை வாகனங்கள் மட்டுமல்ல, மத்திய, மாநில அரசுகளின் தன்னாட்சி அமைப்புகளும் அதில் அடக்கம். தனியார் கல்லூரி ஒன்று தன் பழைய அம்பாசடரைத் தகுதிச் சோதனை காட்டி மேலும் ஐந்தாண்டு ஓட்டலாம். அரசுப் பல்கலைக்கழகம் அப்படி ஓட்ட முடியாது. ஷெட்டில் நிற்கும் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது பழைய இரும்புதான். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

முதலில் வேலையைப் பார்ப்போம். 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் சேலத்துக்கு வடக்கே கருப்பூரில், பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. அதன் இணைவுக் கல்லூரிகள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. இந்த அளவு பரப்புள்ள எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வாகனத் தேவை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருக்காது. நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு வந்தால் வினாத்தாள் கட்டு, விடைத்தாள் கட்டு, பறக்கும் படை என்று ஒரே நாளில் பத்து திசைக்கு வண்டி வேண்டும். ஒசூர் வரை போய் வந்தால் 300 கி.மீ. தாண்டிவிடும். மே மாதத்தில் அதே வண்டிகள் வேப்ப மரத்தடியில் தூசி வாங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒற்றை விடை கொண்டு சமாளிக்க முடியாது.

இப்போது கணக்கு. நான் வைக்கும் எண்கள் அனுமானம்தான். உங்கள் அலுவலக எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி 11 லட்சம், பத்து ஆண்டு ஓட்டி ஒன்றரை லட்சத்துக்கு ஏலம் போகிறது என்றால் தேய்மானம் மாதம் 7,900 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 5,000. மாதம் 1,500 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் 9,300. ஆக ஓட்டுநர் இல்லாமல் 22,200.

இனி ஓட்டுநர். தமிழக அரசு ஊதிய விகிதத்தில் ஓட்டுநருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஆண்டு ஊதிய உயர்வு. சில ஆண்டு சர்வீஸ் உள்ளவருக்கு 48,000 என்று வைப்போம். மொத்தம் 70,200. இதில் வண்டியின் விலை எவ்வளவு? எட்டில் ஒரு பங்குகூட இல்லை. டெண்டர் குழு மாதக்கணக்கில் வாதாடுவது அந்த ஒரு பங்குக்காகத்தான்.

நிரந்தர ஓட்டுநருக்குப் பதில் ஏஜென்சி மூலம் ஓட்டுநர் எடுத்தால், சேவைக் கட்டணம் சேர்த்து 22,000 என்று கொண்டால், மொத்தம் 44,200. அதே 1,500 கி.மீ.-க்கு ஓட்டுநர், டீசல் எல்லாம் உள்ளிட்ட மாத வாடகை 45,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 47,250 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3,000 சொச்சம். அந்தத் தொகைக்கு, வண்டி படுத்துவிட்டால் மாற்று வண்டி வருகிறது, டயர் வாங்கக் கோப்பு போடவேண்டியதில்லை, ஓட்டுநர் லீவு போட்டால் அது ஒப்பந்தக்காரரின் தலைவலி. வாடகை மோசமில்லை என்றே தோன்றும்.

ஆனால் கிலோமீட்டரை ஏற்றிப் பாருங்கள். மாதம் 3,000 கி.மீ. ஓடினால் சொந்த வண்டிக்குக் கூடுதல் டீசலும் தேய்மானமும் சேர்ந்து 12,000-க்குள் அடங்கும். வாடகை வண்டிக்குக் கூடுதல் கிலோமீட்டர் 13 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 20,000 தாண்டும். அங்கே சொந்த வண்டி ஜெயிக்கிறது, ஏஜென்சி ஓட்டுநர் என்ற நிபந்தனையோடு. 700 கி.மீ.-தான் ஓடுகிறது என்றால் இரண்டும் தோற்கும். தேவைப்படும் நாளில் டாக்ஸி கூப்பிடுவதே மலிவு. வெளியூர் என்றால் நாளொன்றுக்கு 250 கி.மீ. குறைந்தபட்சமாகக் கணக்கிடுவது பரவலான வழக்கம். அப்படியும் மூன்று நாள் பயணம் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

வாங்குவது என்று முடிவானால்

மாநிலப் பல்கலைக்கழகம் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998-இன்படி நடக்கவேண்டும். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு. விவரக்குறிப்பில் கம்பெனி பெயரை எழுதாமல் இருக்கை, இன்ஜின் கொள்ளளவு, தரை இடைவெளி என்று எழுதவேண்டும். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும் அது ஒரே ஒரு மாடலுக்குத்தான் பொருந்துகிறது என்பதைத் தணிக்கைக்காரர் இரண்டு ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பார். தேவையிலிருந்து விவரக்குறிப்பு வரவேண்டும். மாடலைப் பார்த்து விவரக்குறிப்பு எழுதினால் அது மறைந்து நிற்காது.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியிருப்பதையும் பார்க்கவேண்டும். நான்கு மீட்டருக்குள், பெட்ரோலில் 1,200 சிசிக்குள், டீசலில் 1,500 சிசிக்குள் அடங்கும் கார்களுக்கு 18 சதவீதம். அதை மீறினால் 40. மின்சாரக் காருக்கு 5. பொலேரோ முதல் வகையில் அடங்கும், இன்னோவா அடங்காது. கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பதால் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. பெரிய வண்டிக்கு ஆசைப்பட்டால் கையில் நிற்கும் வரி வித்தியாசம் 22 சதவீதம்.

வண்டி வந்த பிறகுதான் உண்மையான விதிகள் தொடங்குகின்றன. அரசுத் துறை வாகனத்துக்கு இன்சூரன்சில் உள்ள விலக்கு தனக்கும் உண்டு என்று பல்கலைக்கழகம் நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். புதுக் காருக்கு முதலிலேயே மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டவேண்டும். லாக் புக்கில் புறப்பட்ட கி.மீ., சேர்ந்த கி.மீ., நோக்கம், பயணித்த அலுவலரின் கையெழுத்து நான்கும் இருக்கவேண்டும். நான்காவதுதான் எங்கும் விடுபடும். மாதக் கடைசியில் ஓட்டுநர் நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்குவார். “சார், போன வாரம் நாமக்கல் போனீங்களே, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க சார்.” போனவருக்கு நினைவு வராது, கையெழுத்து விழுந்துவிடும். பிறகு உள்ளாட்சி நிதித் தணிக்கையில், ஒரே நாளில் ஒரே அலுவலர் நாமக்கல்லிலும் தருமபுரியிலும் இருந்தது தெரியவரும். பயணம் முடிந்த அன்றே கையெழுத்து இல்லையென்றால் அடுத்த டீசல் இன்டென்ட் (டீசல் கேட்புச் சீட்டு) கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் பாதிச் சிக்கல் தீரும். அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்திட வேண்டியவரே கையெழுத்து நிலுவை வைத்திருப்பவராக இருந்துவிடுவது வேறு விஷயம்.

இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்பது அடுத்த சிக்கல். அலுவலரின் வீட்டில் நின்றால் வீட்டிலிருந்து அலுவலகம் வரும் தூரம் அலுவல் பயணமா, சொந்தப் பயணமா? எழுத்தில் இருந்தால் கி.மீ.-க்கு இவ்வளவு என்று பிடித்தம் செய்யலாம். எழுத்தில் இல்லையென்றால் ஓய்வூதியக் கோப்பில் போய் நிற்கும்.

வாடகை என்று முடிவானால்

இங்கே எல்லாமே ஒப்பந்தத்தின் எழுத்தில் இருக்கிறது. முதல் நிபந்தனை மஞ்சள் போர்டு. தெரிந்தவர் வண்டி, குறைந்த வாடகை என்று வெள்ளை போர்டு காரை மாத வாடகைக்கு எடுப்பது பல ஊர்களில் நடக்கிறது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, தொப்பூர் கணவாயில் ஒரு விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைகழுவிவிடும். காயம்பட்ட பேராசிரியரின் குடும்பம் யாரிடம் போகும்? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரையும் ஒருமுறை படியுங்கள். அது அதே அலுவலக ஊழியரின் மனைவி பெயராக இருந்தால் அந்தக் கோப்பை அங்கேயே மூடிவிடலாம்.

இரண்டாவது, கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படுகிறது? டாக்ஸிக்காரர்கள் பேச்சில் ‘ஷெட் டு ஷெட்’. வண்டி உரிமையாளரின் ஷெட் ஊரின் மறுபக்கம் கொண்டலாம்பட்டியில் இருந்தால், கருப்பூர் வந்து திரும்பும் காலி ஓட்டம் மாதம் முழுக்க உங்கள் கோட்டாவைத் தின்னும். அலுவலக வாசலிலிருந்து கணக்கு என்று எழுதிவிட்டால் அதே வாடகைக்குப் பல நூறு கி.மீ. மிச்சம். மூன்றாவது, ஓடாத கி.மீ. அடுத்த மாதத்துக்குச் சேருமா? சேராது என்றால் 25-ஆம் தேதிக்கு மேல் எல்லாருக்கும் திடீர்ப் பயணங்கள் முளைக்கும். மூன்று மாதக் கோட்டாவாகச் சேர்த்து எழுதுவது நல்லது. மே மாதத்தில் மிச்சமாவது நவம்பரை எட்டாவிட்டாலும், அக்டோபரில் மிச்சமாவது நவம்பருக்கு உதவும்.

டோல், பார்க்கிங், இரவு தங்கல் பேட்டா யார் தலையில் என்பதையும், டீசல் விலை எவ்வளவு ஏறினால் வாடகை ஏறும் என்பதையும் எழுதுங்கள். 2019 ஜனவரிக்குப் பிறகு பதிவான மஞ்சள் போர்டு வண்டிகளில் இடம் காட்டும் கருவி இருக்கவேண்டும் என்பது விதி. அதன் பதிவை மாதப் பில்லோடு கேட்டு வாங்கினால் டிரிப் ஷீட்டோடு ஒத்துப் பார்க்கலாம். சொந்த வண்டியின் லாக் புக்குக்கு இப்படி ஒரு சாட்சி கிடையாது. கண்காணிப்பில் வாடகை வண்டி சொந்த வண்டியை முந்துவது இந்த இடத்தில்தான்.

பேருந்து விஷயத்தில் நீண்ட வாதம் தேவையில்லை. மாணவர்களை தினம் ஏற்றி இறக்குவதென்றால் கல்வி நிறுவனமே வைத்துக்கொள்வது நல்லது. சட்டத்தில் கல்வி நிறுவனப் பேருந்து என்று தனி வகையே உண்டு. ஆனால் அது போக்குவரத்து வாகனம். எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டவேண்டும் என்பதை வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுப் பாதையில்

சமவெளிக் கணக்கு மலைக்குப் பொருந்தாது. சேலத்திலிருந்து ஏற்காடு 30 கி.மீ.-க்குள்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். தாவரவியல் களப்பயணம், மலைமேல் கருத்தரங்கு என்று அடிக்கடி ஏறும் துறைகள் இங்கே உண்டு. வாடகை வண்டியில் வரும் புது ஓட்டுநர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை விடாமல் மிதித்து வளைவுக்கு வளைவு கருகல் வாடை வரவழைப்பதும் ஏறி வந்தவர்களுக்குத் தெரியும். மாத ஒப்பந்தத்தில் இன்ன ஓட்டுநர்தான் மலைக்கு வரவேண்டும் என்று பெயர் குறித்து எழுதிக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். வாகனம் மேலே சிக்கிக்கொண்டால் காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு என்பதற்கும் ஒரு வரி வேண்டும். குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்கினால் கூடும் கி.மீ.-ஐயும் அந்த வரியிலேயே சேருங்கள்.

மின்சாரக் காருக்கு ஏற்காடு ஒத்துவராது என்று சொல்பவர்கள் கணக்குப் போடுவதில்லை. ஆட்களோடு 1,800 கிலோ எடையை 1,200 மீட்டர் உயர்த்தச் சுமார் 6 யூனிட் போதும். இழப்பைச் சேர்த்தால் 7. சாலை ஓட்டத்துக்கு இன்னொரு 4 அல்லது 5. 30 யூனிட் பேட்டரிக்கு இது பெரிய சுமையில்லை. இறங்கும்போது ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பும், பிரேக்கும் தேயாது. ஒரு விஷயத்தை ஓட்டுநருக்குச் சொல்லிவையுங்கள்: மேலே முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக்கூடாது. பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தின் மின்சாரத்தை வாங்க இடமில்லை, பழையபடி பிரேக்தான். ஒசூர் போய் அன்றே திரும்பும் தேர்வு வேலைக்கு இந்த வண்டி சரிப்படாது. வழியில் சார்ஜ் போட நிற்கும் நேரத்துக்கு விடைத்தாள் கட்டு காத்திருக்காது. சேலம் நகர ஓட்டம், ஏற்காடு, நாமக்கல், இவற்றுக்குச் சரி. 1,500 கி.மீ.-க்கு டீசல் 9,300 என்றால் யூனிட் 10 ரூபாய் கணக்கில் மின்சாரம் 2,200-க்குள் முடியும். விலை நான்கு லட்சம் கூட என்றாலும் பத்தாண்டில் பிரித்தால் மாதம் 3,300.

என் கையில் கோப்பு வந்தால் நான் எழுதும் குறிப்பு இது: மாணவர் பேருந்து சொந்தம். மாதம் 2,500 கி.மீ.-க்கு மேல் உறுதியாக ஓடும் வண்டி இருந்தால், அதுவும் ஏற்கெனவே நிரப்பப்பட்ட ஓட்டுநர் பணியிடம் இருந்தால், அந்த ஒன்றை வாங்கலாம். அந்தச் சம்பளம் எப்படியும் போய்க்கொண்டிருக்கிறது. நகரத்துக்கும் மலைக்கும் ஒரு மின்சாரக் கார், மாத வாடகையில். தேர்வு மாதங்களுக்கு நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து கி.மீ. விலை ஒப்பந்தம், வண்டி எண்ணிக்கை குறிக்காமல். ஓட்டுநர் ஓய்வுபெறும் தேதியை வாகனப் பதிவேட்டில் வண்டி எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுவதும் அதே குறிப்பில் வரும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பு, வண்டியைக் கழிவு செய்து ஏலம் விடுவதா, புது ஓட்டுநர் கேட்பதா என்ற கோப்பை மறுபடி எடுக்கவேண்டும்.