நான்கு ஏக்கர் கலப்புப் பண்ணையம்: ஆறாம் ஆண்டின் கணக்கு

திண்டுக்கல் மாவட்ட மலைப்பகுதியில் தாண்டிக்குடிக்கு அருகே, காப்பி, மிளகு, மலைவாழை, இரண்டு கறவை மாடுகள், சில கோழிகள் என்று நான்கு ஏக்கரில் நாங்கள் நடத்தும் கலப்புப் பண்ணையத்துக்குச் சென்ற ஆண்டுடன் ஆறு ஆண்டுகள் நிறைவடைந்தன. முதல் ஐந்து ஆண்டுகளும் கேட்டவர்களுக்கெல்லாம் இம்முறையை மனமாரப் பரிந்துரைத்தேன். ஒன்று கைவிட்டால் மற்றொன்று தாங்கும் என்பதே நான் சொன்ன காரணம். அந்தக் காரணம் எங்கே பொய்த்தது என்பதையும் இப்போது சொல்லியாக வேண்டும்.

மார்ச் கடைசியில் பூமழை பெய்து காப்பி நன்றாகவே பூத்தது. ஆனால் அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் வந்து பிஞ்சைப் பிடித்து நிறுத்த வேண்டிய மழை வரவில்லை. தண்ணீர் தெளித்துக் காப்பாற்றலாமென்றால், வாழைக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் காப்பிக்கும் எங்களுக்கு இருப்பது ஒரே ஓடை. ஏப்ரலில் அது கால் நனையும் அளவுக்குத்தான் ஓடியது. பயிர் பலவாக இருந்தாலும் தண்ணீர் ஒன்றுதான் என்பது ஐந்து நல்ல ஆண்டுகளில் எனக்கு உறைக்கவில்லை.

இதைவிடப் பெரிய அடி வாழையில் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் விலையில்லாமல் கிடைத்த பக்கக்கன்றுகளை முந்தைய ஆண்டு வாங்கி நட்டிருந்தேன்; அவற்றில் சில, இலை குறுகி, மேல்நோக்கி விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றபோதுதான் முடிக்கொத்து நோய் என்று தெரிந்தது. அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சி பரப்பும் இந்த நச்சுயிரி நோய்க்கு மருந்து கிடையாது. பூச்சிக்கு மருந்தடித்துவிட்டு, தூரைக் கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றே வழி. பார்த்த அன்றே செய்திருந்தால் பத்துத் தூர்களோடு போயிருக்கும். அதே வாரத்தில் கறவை மாடு ஒன்றுக்குத் தோல் கழலை நோய் கண்டு, உடம்பெல்லாம் கட்டியும் காய்ச்சலுமாகத் தீவனம் எடுக்காமல் நின்றதால், நானும் மனைவியும் தொழுவத்தை விட்டு நகர முடியவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போனதில் எழுபது தூர்களை இழந்தோம். மாடு பிழைத்தது, கறவை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

வாழையின் நட்டம் வாழையோடு நிற்கவுமில்லை. அந்தத் தூர்கள் காப்பிக்கு நிழலாகவும் இருந்தவை. அவை போன இடத்தில் வெயில் நேராகத் தண்டில் விழுந்தது. வெயில் படும் அரபிகா வகைக் காப்பியைத் தேடி முட்டையிடும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டுக்கு அதைவிட வசதி வேறு வேண்டியதில்லை. இலை மஞ்சளித்து வாடிய முப்பத்தெட்டுச் செடிகளை அறுவடைக்குப் பின் பிடுங்கி எரித்தோம். ஒன்றையொன்று தாங்குமாறு பிணைத்துவைத்த பயிர்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டும் போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். மாட்டுக்கென்று ஓடையோரம் வளர்த்த தீவனப்புல்லும் அப்படித்தான், காட்டுமாடுகளை இரவுதோறும் தோட்டத்துக்குள் அழைத்து வந்தது.

கைகொடுத்தது மிளகு மட்டுமே. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வடிகால்களைத் தூர்வாரி, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ, நூறு லிட்டர் தண்ணீர் என்ற அளவில் பூசணக்கொல்லியான போர்டோ கலவை தயாரித்து அடித்திருந்ததால் வாடல் நோயில் கொடிகள் அதிகம் போகவில்லை. கோழிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கீரி தின்றது போக மிச்சம் இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் தனிப்பயிருக்கு நான் மாறப்போவதில்லை. காப்பி மட்டும் வைத்திருந்தால் அந்த ஆண்டு கடன் வாங்கியிருப்பேன். ஆனால் இரண்டு பேர் கையால் எத்தனை உருப்படிகளைக் கவனிக்க முடியும் என்று எண்ணிப் பார்த்து, மாடுகளில் ஒன்றை விற்றுவிட்டோம். இனி வாழைக்கு, நச்சுயிரிச் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளை மட்டுமே நடுவதாக இருக்கிறேன். வாழை போன இடங்களில் நிழலுக்காகக் கல்யாண முருங்கைப் போத்துகளை ஜூன் சாரலில் ஊன்றினோம். நன்றாகத் துளிர்த்தன, துளிர்த்ததில் பாதியைக் காட்டுமாடு மேய்ந்துவிட்டது.