எரேசர்ஹெட்: ஒரு மாணவர் எடுத்த திகில் படமும் அதன் சுவரொட்டியும்

படம் தொடங்கிப் பத்து நிமிடங்கள் வரை யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கோட்டு அணிந்து, தலைமுடி செங்குத்தாக எழும்பி நிற்க, கையில் ஒரு காகிதப் பையைப் பிடித்துக்கொண்டு ஹென்றி ஸ்பென்சர் என்ற மனிதன் ஆலைகளுக்கு நடுவே நடந்து வருகிறான். வழியில் ஒரு குட்டையில் காலை வைத்துவிடுகிறான். குடியிருப்புக்கு வந்து லிஃப்டில் ஏறிப் பொத்தானை அழுத்துகிறான். கதவு மூடுவதற்கு நம் பொறுமை தீரும் அளவுக்கு நேரமாகிறது. அறைக்குள் வந்து, நனைந்த காலுறையைக் கழற்றி, குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கச் சுவரோரம் நிற்குமே, அந்த ரேடியேட்டரின் மேல் காயப்போடுகிறான். நடப்பது இவ்வளவுதான். ஆனால் இந்தப் பத்து நிமிடங்களும் ஓர் இயந்திர இரைச்சல் நம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அந்த இரைச்சல், அவன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகும் நிற்காதபோதுதான், இவனுக்கு இனி ஒதுங்க இடம் இல்லை என்பது நமக்கு உறைக்கிறது.

1977ஆம் ஆண்டு வெளிவந்த 'எரேசர்ஹெட்', டேவிட் லிஞ்ச் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பயிற்சி மையத்தில் மாணவராக இருந்தபோது எடுக்கத் தொடங்கிய படம். பெவர்லி ஹில்ஸில் கிரேஸ்டோன் என்ற பெரிய மாளிகையில் அந்த மையம் இயங்கியது. மாளிகைக்குச் சொந்தமான பழைய குதிரை லாயங்களையே லிஞ்ச் தன் படப்பிடிப்புத் தளமாக்கிக்கொண்டார். கையில் இருந்தது 21 பக்கத் திரைக்கதையும் 10,000 டாலர் மானியமும். 1972இல் தொடங்கிய வேலை, பணம் தீர்ந்து நிற்பதும் மீண்டும் தொடங்குவதுமாக இழுத்துக்கொண்டே போனது. இடையில் லிஞ்ச் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுச் சம்பாதித்தார். நண்பர்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்தார்கள். ஹென்றியாக நடித்த ஜாக் நான்ஸ் அந்தத் தலைமுடி அமைப்பை ஆண்டுக்கணக்கில் கலைக்காமல் வைத்திருந்தார். ஒரு காட்சியில் ஹென்றி கதவின் குமிழைத் திருகுகிறான், அடுத்த காட்சியில் உள்ளே வருகிறான். இரண்டு துண்டுகளையும் எடுத்ததற்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது. திரையில் அந்த ஒட்டு தெரிவதில்லை. முதலில் ஹெர்பர்ட் கார்ட்வெல், பின்னர் பிரெடரிக் எல்ம்ஸ் என இரண்டு ஒளிப்பதிவாளர்கள் மாறியும் படத்தின் இருட்டு ஒரே இருட்டாக இருக்கிறது.

மாணவர் படம் என்று கேள்விப்பட்டதுமே, பார்ப்பதற்கு முன்பே நாம் சில மதிப்பெண்களைச் சலுகையாக ஒதுக்கிவைத்துவிடுகிறோம். இந்தப் படத்துக்கு அதைக் கொடுக்க வேண்டியதில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பயத்தை லிஞ்ச் பிடித்துக்கொண்டார் என்பதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். பிலடெல்பியாவில் ஓவியம் படித்த காலத்தில், ஆலைகளும் வன்முறையும் சூழ்ந்த ஒரு பகுதியில் அவர் குடியிருந்தார். 22 வயதிலேயே தகப்பனும் ஆனார். படத்துக்கு எந்த விளக்கத்தையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. நானும் அவர் வாழ்க்கையைப் படத்தின் மீது அப்படியே ஒட்டப்போவதில்லை. ஆனாலும், தயாராகாத ஒருவன் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டால் அவன் மனம் என்ன ஆகும் என்ற கேள்வியை விட்டு இந்தப் படம் 89 நிமிடங்களில் ஒரு நிமிடமும் விலகுவதில்லை. பேய் இல்லை, கொலைகாரன் இல்லை, சாபம் இல்லை.

விருந்துக் காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹென்றி தன் காதலி மேரியின் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கப்படுகிறான். வருங்கால மாமனார் வீட்டில் முதன்முதலாகக் கால் வைக்கும் எந்த ஆணுக்கும் தெரிந்த சங்கடம்தான்: என்ன வேலை பார்க்கிறாய் என்ற கேள்வி, பதில் சொன்னதும் விழும் மௌனம், யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாத தவிப்பு. கூடத்தில் ஒரு நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குட்டிகள் உறிஞ்சும் சத்தம் பேச்சையே அமுக்கும் அளவுக்குக் கேட்கிறது. சமையலறையில் அசைவில்லாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் மடியில் கிண்ணத்தை வைத்து, அவள் கைகளில் கரண்டிகளைச் செருகி, அந்தக் கைகளைப் பிடித்தே மேரியின் தாய் காய்க்கலவையைக் கிளறுகிறாள். முடிந்ததும் பாட்டியின் வாயில் ஒரு சிகரெட்டையும் பற்றவைக்கிறாள். இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. பிறகு தகப்பனார் மாப்பிள்ளையாகப் போகிறவனிடம் கோழியை வெட்டித் தரச் சொல்கிறார். உள்ளங்கையளவே இருக்கும் அந்தக் கோழியில் ஹென்றி முள்கரண்டியைக் குத்தியதும், அது கால்களை ஆட்டத் தொடங்குகிறது. அடியிலிருந்து கருப்பாக ஏதோ கொப்புளித்து வழிகிறது. வெந்த கோழி அசைவதுகூட எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே ஹென்றி ஒரு விருந்தாளிக்குரிய மரியாதையோடு உட்கார்ந்திருப்பதுதான் வயிற்றைப் பிசைந்தது.

அந்த விருந்தின் முடிவில் குழந்தை பிறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அது குழந்தைதானா என்று மருத்துவமனையில் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்கிறாள் மேரி. அடுத்த காட்சியில் அது ஹென்றியின் ஒற்றை அறையில், மேசை மேல், கட்டுத் துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. அதன் தலையும் கண்ணும் எப்படி இருக்கும் என்று இங்கே எழுதப்போவதில்லை; அதை எப்படிச் செய்தார் என்பதை 2025இல் இறக்கும் வரை லிஞ்சே யாரிடமும் சொன்னதில்லை. அது இரவெல்லாம் அழுகிறது. தூக்கமில்லாத மேரி, தாய் வீட்டுக்குப் போய்விட முடிவு செய்து, கட்டிலுக்கு அடியில் சிக்கியிருக்கும் பெட்டியை இழுக்கிறாள். அவள் முகம் மட்டும் கட்டிலின் கால்மாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தெரிகிறது. அவள் இழுக்க இழுக்கக் கட்டில் குலுங்குகிறது. பெட்டி வர மறுக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் உறக்கம் கெட்டவர்கள் ஒருவரை ஒருவர் வெறுக்கத் தொடங்கும் அந்த அதிகாலை நேரத்தை இதைவிட உண்மையாகக் காட்டிய படம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஒலியைப் பற்றி முதலிலேயே சொன்னேன். படத்தின் மிகப் பெரிய சாதனை அதுதான். லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்பிளெட்டும் வாங்கிவைத்த ஒலித் துணுக்குகளை நம்பாமல், தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே உண்டாக்கிப் பதிவு செய்தார்கள். ஒரு படுக்கைக் காட்சியின் ஒலிக்காக, குளியல் தொட்டியில் மிதக்கும் ஒரு பாட்டிலுக்குள் மைக்கை வைத்து, அதற்குள் காற்றை ஊதிப் பதிவு செய்தார்கள். இன்றைய மாணவர் திகில் படங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். படம் பிடிக்க நல்ல கேமரா கிடைத்துவிடுகிறது. ஒலிக்கு மட்டும் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு கதவுக் கிரீச்சொலியும், திடீரென்று உயரும் ஒரு வயலின் அலறலும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவர் ஒரு கணம் திடுக்கிடுகிறார், மறு கணம் மறந்துவிடுகிறார். 'எரேசர்ஹெட்'டின் ஒலி திடுக்கிட வைப்பதில்லை; தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கிறது.

குறைகளும் உண்டு. எதிர் அறைப் பெண் வரும் பகுதியில் படம் தன் இறுக்கத்தை இழக்கிறது. அவள் ஆசையின் உருவமாக மட்டும் வந்து போகிறாள். மேரி விருந்துக் காட்சியில் எவ்வளவு உயிரோடு இருந்தாள் என்பதை நினைத்தால், பின்பாதியில் அவள் கிட்டத்தட்டக் காணாமல் போவது உறுத்துகிறது. பெண்கள் அனைவரும் ஹென்றியின் பயத்தின் வழியாகவே பார்க்கப்படுகிறார்கள். பெற்றவளின் பயம் என்று ஒன்று இருக்கும் என்பதைப் படம் ஓர் இரவோடு விட்டுவிடுகிறது. ஹென்றியின் தலையிலிருந்து பென்சில் அழிப்பான்கள் செய்யப்படும், தலைப்புக்குக் காரணமான தொழிற்சாலைக் கனவும் தேவைக்கு மேல் நீள்கிறது. 1977 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் திரைப்பட விழாவில் முதன்முறை திரையிட்ட பிறகு லிஞ்ச் 20 நிமிடங்களை வெட்டி எறிந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த காட்சிகளை வெட்ட மனம் வருவது எளிதல்ல. இன்னும் ஐந்து நிமிடங்களை வெட்டியிருந்தால் படம் கூர்மையாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

இனி விளம்பரம். பிரிட்டனில் ஊடகக் கல்வி பயிலும் பள்ளி மாணவர்களுக்கு, ஒரு படத்தின் முன்னோட்டம், சுவரொட்டி, பத்திரிகை அட்டை மூன்றையும் சேர்த்துத் தயாரிக்கும் செய்முறைப் பணி நெடுநாள் வழக்கத்தில் இருந்தது. படத்தையும் அதன் விளம்பரத்தையும் ஒன்றாக வைத்து மதிப்பிடுவது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் 'எரேசர்ஹெட்'டின் சுவரொட்டிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். கறுப்புப் பின்னணியில் ஹென்றியின் முகம். பின்னாலிருந்து விழும் ஒளியில் தலைமுடி பற்றி எரிவதுபோல் வெளுத்து நிற்கிறது. முகத்தைச் சுற்றித் தூசு பறக்கிறது. ரத்தம் இல்லை, கத்தி இல்லை, வாய் பிளந்த அலறல் இல்லை. முக்கியமாக, அந்தக் குழந்தை இல்லை. படத்தின் மிகப் பெரிய அதிர்ச்சியைச் சுவரொட்டியில் போட்டு விற்றிருக்கலாம். யாராக இருந்தாலும் அந்தச் சபலம் வந்திருக்கும். அதற்குப் பதிலாக, எதையோ பார்த்துவிட்டு, அதிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நிற்கும் ஒருவனுடைய முகத்தை மட்டும் தந்திருக்கிறார்கள். அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ளவே டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூசு அழிப்பானிலிருந்து உதிர்ந்தது என்பது படம் பார்த்த பிறகே விளங்கும். அப்போது சுவரொட்டியை இன்னொரு முறை பார்க்கத் தோன்றும்.

வெளியீட்டு முறையும் படத்தின் குணத்துக்கு ஒத்ததாகவே அமைந்தது. விநியோகஸ்தர் பென் பாரன்ஹோல்ட்ஸ், நள்ளிரவுக் காட்சிகளுக்கென்றே ஒரு கூட்டத்தை நியூயார்க்கில் ஏற்கெனவே உருவாக்கியிருந்தவர். சினிமா வில்லேஜ் திரையரங்கில் 'எரேசர்ஹெட்'டையும் நள்ளிரவில்தான் திரையிட்டார். முதல் இரவு வந்தவர்கள் 25 பேர், மறுநாள் 24 பேர். வழக்கமான முறையில் வெளியிட்டிருந்தால் அந்த வாரமே பெட்டிக்குள் போயிருக்கும். அவர் அதை எடுக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் நுவார்ட் திரையரங்கிலும் ஆண்டுக்கணக்கில் நள்ளிரவுக் காட்சியாக ஓடியது. படம் முடிந்து வெளியே வரும்போது தெரு வெறிச்சோடிக் கிடக்கும், எங்கோ ஒரு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த நடையும் படத்தின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கும்.

1982இல் இதன் ஒலித்தடம் இசைத்தட்டாக வந்தது. ரேடியேட்டருக்குள் தோன்றும் பெண் பாடும், பீட்டர் ஐவர்ஸ் உருவாக்கிய பாட்டும், ஜாஸ் கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் ஆர்கன் இசையும், நடுவே அந்த ஆலை இரைச்சலும் அதில் உண்டு. ஒரு படத்தின் இரைச்சலையே தனிப் பொருளாக விற்க முடிந்தது என்பதை, ஒலிக்கு எவ்வளவு செலவிடலாம் என்று கணக்குப் பார்க்கும் இளம் இயக்குநர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2014இல் கிரைட்டீரியன் நிறுவனம் சீரமைத்து வெளியிட்ட வட்டு, வாங்கத் தகுந்தது. லிஞ்ச் இதற்கு முன் எடுத்த குறும்படங்களும் அதில் இருப்பதால், ஒரு மாணவரின் கை எப்படித் தேறியது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். முதன்முறை நான் இதை மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில், பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். மெதுவாக நகரும் ஒரு புதிராகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை, விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் மேலே எழுதிய எல்லாம் கேட்டன. கைக்குழந்தை உள்ள வீட்டாரும், பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருப்பவர்களும் இதைச் சில காலம் தள்ளிவைப்பது நல்லது. இறுதிக் காட்சி அவர்களுக்குத் தாங்காது. மற்றவர்கள் ஒலியைக் குறைக்காமல், இடையில் நிறுத்தாமல், ஒரே அமர்வில் பார்க்க வேண்டும்.