பேட் மாற்றிய பின் விடாமல் பிடித்த பிரேக்: 3 ஆண்டு அனுபவம்

என் காரின் முன் பிரேக் பேட்களை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் கட்டைகளை, 58,000 கிலோமீட்டரில் நானே மாற்றினேன். மாற்றும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. அதைத் தொடர்ந்து வந்த தொல்லை முழுமையாகத் தீர ஏழு மாதங்கள் ஆயின. தீர்ந்து 3 ஆண்டுகளும் 41,000 கிலோமீட்டரும் கடந்துவிட்ட நிலையில், எது உண்மையில் பலன் தந்தது, எதில் நேரம் வீணானது என்று சொல்லும் இடத்தில் இப்போது இருக்கிறேன்.

மாற்றிய இரண்டாம் நாளே அறிகுறிகள் தெரிந்தன. சமதளச் சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கமாக நெடுந்தூரம் உருளும் வண்டி, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல வேகம் குறைந்தது. நிறுத்தி இறங்கியபோது இடது முன் சக்கரத்தருகே கருகல் வாடை வந்தது. அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தபோது வலது டிஸ்க் 70 பாகை செல்சியஸ், இடது டிஸ்க் 190 பாகை. விசாரித்த ஒரு மெக்கானிக், புது பேட் என்றால் அப்படித்தான் இருக்கும், தேயத் தேயச் சரியாகிவிடும் என்றார். அதில் பாதி உண்மை உண்டு. டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்கத் தனி ஸ்பிரிங் பெரும்பாலும் இருப்பதில்லை. பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பெடலை அழுத்தும்போது வளைந்து, விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மட்டுமே பின்னிழுக்கிறது. ஆகவே பேட் லேசாக உரசுவது இயல்புதான். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால் மெல்லிய உரசல் ஓசையுடன் ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும். என் சக்கரமோ கால் சுற்றிலேயே நின்றது. அது தேய்ந்து சரியாகும் பிடிப்பு அல்ல.

முதலில் பேட்களையே சந்தேகித்தேன். கழற்றிப் பார்த்தபோது அவற்றின் இரு முனைக் காதுகளும், பேட்களைத் தாங்கும் சட்டமான பிராக்கெட்டில் இறுகிக் கிடந்தன. சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. எஃகு கிளிப்புகளுக்கு அடியில் துரு பொருமி, கிளிப்பை உள்நோக்கித் தள்ளியிருந்தது. பலர் இந்த இடத்தில் புது பேடின் காதை அராவிச் சிறிதாக்குகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. அராவ வேண்டியது பிராக்கெட்டில் படிந்த துருவைத்தான். கம்பித் தூரிகையாலும் தட்டை அரத்தாலும் சுத்தம் செய்த பிறகு பேட்கள் விரலால் தள்ளினாலே நகர்ந்தன.

இரண்டாவது பிழை முழுக்க என்னுடையது. பிஸ்டனைத் தன்னுள் வைத்து டிஸ்க்கைக் கவ்வும் பகுதிதான் காலிப்பர். என் காரில் உள்ள மிதக்கும் வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உள்ளது; காலிப்பரின் உடல் ஸ்லைடு பின்கள் என்ற இரண்டு தண்டுகளின் மேல் வழுக்கி வந்தால்தான் வெளிப் பக்கப் பேட் டிஸ்க்கைத் தொடும், விடும். அந்தப் பின்களில் ஒன்றின் நுனியில் புஷ் எனப்படும் சிறு ரப்பர் உறை இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இரண்டும் ஒரே நீளம் என்பதால் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். போதாக்குறைக்கு, கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவியிருந்தேன். கனிம எண்ணெய் கலந்த கிரீஸ் பிரேக் ரப்பரை ஊத வைக்கும். இரண்டே வாரத்தில் அந்தப் புஷ் பருத்துப் போய், பின்னைத் திருகித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. புதிய புஷ், சிலிக்கோன் கிரீஸ், சரியான இடம் என்று மாற்றிப் பூட்டியதும் சக்கரம் ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. இடது டிஸ்க்கின் சூடு 85 பாகைக்கு இறங்கியது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து அதே வாடை மீண்டும் வந்தது. இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது: காலையில் வண்டி நன்றாக ஓடும், நெரிசலில் பதினைந்து கிலோமீட்டர் போய், பலமுறை பிரேக் அடித்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும், அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் தானே விட்டுவிடும். பின்களை மூன்று முறை கழற்றிப் பார்த்தும் அவற்றில் குறையில்லை. கடைசியில் செய்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் இந்த அனுபவம் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் பெடலை நாலைந்து முறை அழுத்தி விட்டேன். சக்கரத்தை இரு கைகளாலும் திருகினாலும் அசையவில்லை. காலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகான ப்ளீடர் நிப்பிளில் ஒரு தெளிவான குழாயைச் செருகி, கால் சுற்று தளர்த்தினேன். பிரேக் ஆயில் ஒரு சிறு பீறலாகக் குழாய்க்குள் ஏறியது. அதே நொடியில் சக்கரம் விடுபட்டது. அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்பது அத்துடன் உறுதியானது. நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்திருந்தால் பழுது பிஸ்டனிலோ, பின்களிலோ, பேட் உட்காரும் இடத்திலோ இருக்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் அப்படித்தான் நடந்தது: பழைய பேட் தேயத் தேய வெளியே நீண்டிருந்த பிஸ்டனின் மேற்பகுதி, கிழிந்த தூசி உறைக்குள் துருப்பிடித்திருந்தது; தடிமனான புது பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது அந்தத் துருப் பகுதி சீலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. பேட் மாற்றியதும் பிரேக் பிடிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பழி மட்டும் புது பேடின் மேல் விழுகிறது.

என் வண்டியில் அழுத்தம் எங்கே தங்குகிறது என்பதே மிச்சமிருந்த கேள்வி. மறுபடியும் பிரேக்கைப் பிடிக்க வைத்து, இம்முறை காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸின் மேல்முனை இரும்புக் குழாயுடன் சேரும் இணைப்பைத் தளர்த்தினேன். ஆயில் கசிந்தது, சக்கரம் விடவில்லை. நிப்பிளைத் திறந்ததும் விட்டது. ஆக, அடைப்பு அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, ஹோஸுக்குள் இருந்தது. முன் சக்கரம் இரண்டுமே பிடித்திருந்தால் பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரையும், பெடல் விசையைப் பெருக்கும் பூஸ்டரின் தண்டுக்கு இருக்க வேண்டிய சிறு இடைவெளியையும் பார்த்திருப்பேன்.

கழற்றிய ஹோஸை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பார்த்தேன். வெளிப்புறம் புதிதுபோல் பளபளத்தது. உள்ளே, காலிப்பரை ஒட்டிய முனையில், உட்சுவர் ரப்பர் நாக்குபோல ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. கால் அழுத்தும் வலுவான விசையில் ஆயில் அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரச் சீலின் பலவீனமான இழுப்பு மட்டுமே இருப்பதால், நாக்கு வழியை மூடிக்கொள்ளும். பேட் மாற்றிய அன்று காலிப்பரைக் கம்பியால் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய ஹோஸின் மேல் அந்த எடை விழுந்ததே காரணம் என்று நம்புகிறேன், நிரூபிக்க வழியில்லை.

இரண்டு பக்க ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றி, பிரேக் ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் டாட் 4 தரத்தில் புதிய ஆயில் ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினேன். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரத்தை உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 பாகைதான். 190 பாகைக்குச் சூடேறிய டிஸ்க்கின் பக்கத்தில் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு பல வாரம் ஓட்டியதை இன்று நினைத்தாலும் நடுக்கமாக இருக்கிறது.

அதன் பிறகு பிடிப்பு ஒருமுறையும் திரும்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பின்களைத் துடைத்துப் புதிய சிலிக்கோன் கிரீஸ் இடுகிறேன். ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நெரிசலில் ஓடி வந்த நாட்களில் வெப்பமானியை இருபுறமும் காட்டினால் வேறுபாடு 10 பாகையைத் தாண்டுவதில்லை. கடந்த மாதம் அளந்தபோது இடது பக்க உட்பேட் 5.5 மில்லிமீட்டரும் வெளிப்பேட் 6 மில்லிமீட்டரும் இருந்தன. வலது காலிப்பரின் தூசி உறையில் மட்டும் நகக்கண் அளவு ஒரு கிழிசல் தெரிகிறது. அடுத்த பேட் மாற்றம் வரை காத்திராமல், சீல் தொகுப்பு கைக்கு வந்ததும் அந்தப் பிஸ்டனைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.